தொண்டு நிறுவனம் நடத்தப் படிக்கலாம்: கல்லூரி தேடுவதிலிருந்து முதல் வேலை வரை முழுமையான வழிகாட்டி

"சேவை செய்ய டிகிரி எதுக்கு?" என்று வீட்டில் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். பசித்தவருக்குச் சாப்பாடு வாங்கித் தர யாருக்கும் பட்டம் தேவையில்லை. ஆனால் மாற்றுத்திறன் குழந்தைகளுக்கான ஒரு பள்ளியை, நன்கொடையை மட்டும் நம்பி, பத்துப் பதினைந்து வருடம் மூடாமல் நடத்த வேண்டும் என்றால் வரிச் சட்டம் தெரிய வேண்டும், பட்ஜெட் போடத் தெரிய வேண்டும், குறைந்த சம்பளத்தில் வேலை பார்க்கும் ஆசிரியர்களைத் தக்கவைக்கத் தெரிய வேண்டும், பணம் கொடுப்பவர் தப்பான நிபந்தனை போடும்போது மறுக்கத் தெரிய வேண்டும். நம் ஊரில் நல்ல மனசோடு ஆரம்பித்த எத்தனையோ அமைப்புகள் வரிப் பதிவைப் புதுப்பிக்காமல் விட்டதாலும், நிறுவனருக்கு உடம்பு முடியாமல் போனதாலும் தடுமாறி நிற்கின்றன. அப்போது நஷ்டப்படுவது அந்த அமைப்பை நம்பி வந்த குழந்தையும் அதன் அம்மாவும்தான். அதனால்தான் இதை முறையாகப் படிக்க வேண்டும் என்று அழுத்திச் சொல்கிறேன்.

தமிழ்நாட்டிலிருந்து இந்தத் துறைக்கு வர நினைப்பவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். இளங்கலை கடைசி வருடத்தில் இருப்பவர்கள், வேறு வேலையிலிருந்து மாற நினைப்பவர்கள், ஏற்கெனவே ஒரு அமைப்பில் இருந்துகொண்டு "நமக்கு ஏதோ குறைகிறது" என்று உணர்பவர்கள், மூவருக்கும் இது பொருந்தும்.

முதல் படி: சேர்வதற்கு முன் கொஞ்ச காலம் உள்ளே இருந்து பாருங்கள்

முடிந்தால் ஆறு மாதம், முடியாவிட்டால் ஒரு கோடை விடுமுறை. வார இறுதியில் போய் மரம் நட்டுப் படம் எடுத்து வருவதை நான் சொல்லவில்லை. அந்த அமைப்பின் அலுவலகத்தில் உட்காருங்கள். கணக்காளர் பக்கத்தில் இருந்து வவுச்சர் எப்படிப் போடுகிறார்கள், எந்தச் செலவு எந்தத் திட்டத்தின் கணக்கில் போகிறது, மாதக் கடைசியில் எந்த ரிப்போர்ட்டுக்காக எல்லோரும் அலைகிறார்கள் என்று பாருங்கள். களத்துக்குப் போகும் ஊழியரோடு பஸ்ஸில் போய் வாருங்கள். இந்த வேலையில் பாதி எழுத்து வேலை, கால் பங்கு காத்திருப்பு என்று தெரிந்த பிறகும் ஆசை குறையவில்லை என்றால் தைரியமாகப் படிக்கப் போகலாம்.

கொஞ்சம் நீண்ட அனுபவம் வேண்டும் என்றால் ஃபெலோஷிப்கள் இருக்கின்றன. பள்ளிக் குழந்தைகளுக்குப் பாடம் நடத்தும் டீச் ஃபார் இந்தியா இரண்டு வருடம், சென்னையிலும் இருக்கிறது. எஸ்.பி.ஐ. யூத் ஃபார் இந்தியா 13 மாதம், கிராமத்தில் தங்கி ஒரு அமைப்போடு வேலை செய்ய வேண்டும். மாதாமாதம் உதவித்தொகை தருவார்கள், பெரிய தொகையை எதிர்பார்க்காதீர்கள். ஆனால் பிறகு முதுகலைக்கு விண்ணப்பிக்கும்போது நேர்காணலில் சொல்வதற்கு உங்களிடம் உண்மையான விஷயம் இருக்கும், அதுதான் லாபம்.

இரண்டாம் படி: எந்த வகைப் படிப்பு என்று முடிவு செய்யுங்கள்

'லாப நோக்கற்ற நிறுவன மேலாண்மை' என்ற பெயரிலேயே பட்டம் தேடினால் இந்தியாவில் அதிகம் சிக்காது. இங்கே அது வேறு பெயர்களில் ஒளிந்திருக்கிறது. முக்கியமாக மூன்று பாதைகள்.

முதலாவது எம்.எஸ்.டபிள்யூ., அதாவது சமூகப்பணி முதுகலை. தமிழ்நாட்டில் எளிதாகக் கிடைப்பது, கட்டணம் ஒப்பீட்டளவில் குறைவு, எந்த இளங்கலை முடித்தவரும் சேரலாம். மனிதர்களோடு எப்படிப் பேசுவது, ஒரு ஊரை எப்படிப் புரிந்துகொள்வது, குழுவை எப்படிக் கட்டுவது என்பதை இதைவிட ஆழமாக வேறு எந்தப் படிப்பும் சொல்லித் தராது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இரண்டாம் வருடத்தில் சிறப்புப் பிரிவு எடுக்க வேண்டும்: சமுதாய வளர்ச்சி, மருத்துவ மற்றும் மனநலச் சமூகப்பணி, மனிதவள மேலாண்மை என்று கல்லூரிக்குத் தகுந்தபடி இருக்கும். மனிதவளம் எடுப்பவர்கள் பெரும்பாலும் தொழிற்சாலைகளின் ஹெச்.ஆர். வேலைக்குத்தான் போகிறார்கள். அது தப்பில்லை, நல்ல வேலைதான். ஆனால் தொண்டு நிறுவனம் நடத்த வேண்டும் என்று வந்துவிட்டு, வகுப்பில் பாதிப் பேர் எடுக்கிறார்களே என்று நீங்களும் அதை எடுத்தால் இரண்டு வருடம் திசைமாறிவிடும்.

இரண்டாவது, வளர்ச்சி சார்ந்த எம்.ஏ. இதில் வறுமை, சாதி, பொருளாதாரம், அரசின் கொள்கை என்று 'ஏன்' என்ற கேள்வியை நிறையக் கேட்பார்கள். நிர்வாகம் கொஞ்சம் குறைவாக வரும்.

மூன்றாவது மேலாண்மைப் படிப்பு: ஊரக மேலாண்மை, வளர்ச்சி மேலாண்மை என்ற பெயர்களில் வரும் பி.ஜி.டி.எம். (முதுநிலை மேலாண்மை டிப்ளோமா) போன்றவை. கணக்கு, நிதி, மார்க்கெட்டிங், செயல்பாடு எல்லாம் எம்.பி.ஏ. மாதிரியே இருக்கும், எடுத்துக்காட்டுகள் மட்டும் பால் கூட்டுறவிலிருந்தும் சுயஉதவிக் குழுவிலிருந்தும் வரும். கட்டணமும் எம்.பி.ஏ. மாதிரியே இருக்கும்.

எது உங்களுக்குச் சரி? உங்களுக்கு எது ஏற்கெனவே வருகிறதோ அதைவிட எது வரவில்லையோ அதைப் படியுங்கள் என்பேன். பி.காம். முடித்தவர் எம்.எஸ்.டபிள்யூ. போனால் மிக நன்றாக வருவார். சமூகவியலோ தமிழோ படித்தவர் மேலாண்மைப் பக்கம் ஒரு பார்வை பார்க்கலாம், அல்லது எம்.எஸ்.டபிள்யூ. படித்துக்கொண்டே டாலி என்ற கணக்கு மென்பொருளைக் கற்றுக்கொள்ளலாம்.

ஏற்கெனவே வேலையில் இருப்பவர்கள் எல்லாவற்றையும் விட்டுவிட்டு இரண்டு வருடம் போக முடியாது. அவர்களுக்கு இக்னோவின் என்.ஜி.ஓ. மேலாண்மைச் சான்றிதழ்ப் படிப்பு இருக்கிறது, குறைந்தபட்சக் காலம் ஆறு மாதம், தொலைநிலையில் படிக்கலாம். அடித்தளம் போட அது போதும்.

மூன்றாம் படி: கல்லூரிகளை அறிந்துகொள்ளுங்கள்

இந்தியாவில் சமூகப்பணிக் கல்வி தொடங்கியதே மும்பையில், 1936இல். அன்று சர் தோராப்ஜி டாடா பெயரில் தொடங்கிய பள்ளிதான் இன்று டிஸ் என்று எல்லோரும் சொல்லும் டாடா சமூக அறிவியல் கழகம். மும்பை தவிர துல்ஜாபூர், ஹைதராபாத், குவாஹாட்டியிலும் வளாகம் இருக்கிறது. சமூகத் தொழில்முனைவுக்கென்றே அங்கே ஒரு எம்.ஏ. நடத்துகிறார்கள்.

குஜராத்தின் ஆனந்தில் இருக்கும் ஊரக மேலாண்மைக் கழகமான இர்மா, 1979இல் வர்கீஸ் குரியன் தொடங்கியது. பால் கூட்டுறவுகளை நடத்தப் படித்த நிர்வாகிகள் வேண்டும், நகரத்துக் கம்பெனிகளிலிருந்து கடன் வாங்கிய ஆட்கள் போதாது என்பதுதான் அவர் எண்ணம். 2025இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தின்படி இர்மா, திரிபுவன் கூட்டுறவுப் பல்கலைக்கழகமாக ஆகியிருக்கிறது. ஊரக மேலாண்மை மாணவர்கள் கிராமத்தில் பல வாரம் தங்கிப் படிக்கும் வழக்கம் இதன் பெரிய பலம். பெங்களூரில் அசிம் பிரேம்ஜி பல்கலைக்கழகம் எம்.ஏ. வளர்ச்சிப் படிப்பு நடத்துகிறது. நொய்டா பக்கம் ஐ.எஸ்.டி.எம்., 2016இல் ஆரம்பித்தது, வளர்ச்சி மேலாண்மை ஒன்றுக்காகவே இருக்கும் நிறுவனம்.

வெளியூர் போக முடியாதவர்கள் மனம் தளர வேண்டாம். சென்னை எழும்பூரில் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் ஒர்க், 1952இல் மேரி கிளப்வாலா ஜாதவ் தொடங்கியது. எம்.எஸ்.டபிள்யூ. தவிர வளர்ச்சி மேலாண்மைக்கும் அங்கே எம்.ஏ. உண்டு. திண்டுக்கல் அருகே காந்திகிராமம், டி.எஸ்.சௌந்தரமும் ஜி.ராமச்சந்திரனும் 1947இல் தொடங்கிய நிறுவனத்திலிருந்து வளர்ந்தது. அங்கே உள்ள ஊரகப் பல்கலைக்கழகம் 1976இல் நிகர்நிலைத் தகுதி பெற்றது. கிராமத்தைப் பாடமாக எடுத்துக்கொள்ள ஆசைப்படுபவர்கள் முதலில் அங்கே போய்ப் பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம். லயோலா, ஸ்டெல்லா மாரிஸ், திருச்சி பிஷப் ஹீபர், கோவை பி.எஸ்.ஜி. கலை அறிவியல் கல்லூரி ஆகியவற்றிலும் சமூகப்பணித் துறைகள் நன்றாகவே வேரூன்றியிருக்கின்றன.

இன்னும் இரண்டு இடங்களைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இவை தொண்டு நிறுவனங்களே தங்கள் அனுபவத்திலிருந்து உருவாக்கிய கல்விக்கூடங்கள். மதுரையின் 'தான்' (DHAN) அறக்கட்டளை, டாடா அறக்கட்டளையோடு சேர்ந்து 2000ஆம் ஆண்டில் வளர்ச்சி மேலாண்மைக்கான ஒரு அகாடமியைத் தொடங்கியது. சென்னையில் தி பேன்யன், 1993இலிருந்து தெருவில் விடப்பட்ட மனநலப் பாதிப்புள்ள பெண்களுக்காக வேலை செய்யும் அமைப்பு, பால்ம் என்ற அகாடமியை 2007இல் தொடங்கி, டிஸ்ஸோடு இணைந்து முதுகலைப் படிப்புகளை நடத்தியது. தினமும் நடக்கும் வேலைக்குப் பக்கத்திலேயே வகுப்பறை இருப்பதில் ஒரு தனி மதிப்பு இருக்கிறது.

நான்காம் படி: சேரும் முன் கல்லூரியிடம் கேள்வி கேளுங்கள்

கட்டடத்தையும் தரவரிசையையும் பார்த்து ஏமாறாதீர்கள். நேரில் போங்கள், இரண்டாம் வருட மாணவர்களிடம் பேசுங்கள். வாரத்தில் எத்தனை நாள் களப்பணி? களப்பணிக்கு எந்தெந்த அமைப்புகளுக்கு அனுப்புகிறார்கள்? களப்பணி ரிப்போர்ட்டை ஆசிரியர் உண்மையிலேயே படித்து உட்காரவைத்துப் பேசுகிறாரா, கையெழுத்து மட்டும் போடுகிறாரா? இந்தக் கடைசிக் கேள்விக்கு வரும் பதிலிலேயே துறையின் தரம் தெரிந்துவிடும். அப்புறம், நிதி நிர்வாகமும் தொண்டு நிறுவனச் சட்டமும் தனித் தாளாக இருக்கிறதா, யார் நடத்துகிறார்கள், அவர் ஒரு அமைப்பின் கணக்கை எப்போதாவது கையாண்டவரா என்று கேளுங்கள். போன வருடம் முடித்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்றும் கேளுங்கள்.

ஐந்தாம் படி: விண்ணப்பமும் நேர்காணலும்

டிஸ் முதுகலைக்கு மத்திய அரசின் பொது நுழைவுத் தேர்வான கியூட்-பி.ஜி. மதிப்பெண் வேண்டும். வழக்கமாக டிசம்பர், ஜனவரி வாக்கில் விண்ணப்பம், மார்ச்சில் தேர்வு. கல்லூரியின் இறுதித் தேர்வு முடியட்டும் என்று காத்திருந்தால் ஒரு வருடம் போய்விடும், இதில்தான் நம் ஊர் மாணவர்கள் நிறையப் பேர் தவறவிடுகிறார்கள். ஊரக மேலாண்மைக்குப் போகிறவர்கள் நவம்பர் கடைசியில் நடக்கும், மேலாண்மைப் படிப்புகளுக்கான கேட் (CAT) தேர்வைக் குறிவையுங்கள், அதற்குப் பதிவு ஆகஸ்டிலேயே தொடங்கிவிடும். அசிம் பிரேம்ஜி பல்கலைக்கழகம் தனியாகத் தேர்வும் நேர்காணலும் வைக்கிறது. தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் எம்.எஸ்.டபிள்யூ. விண்ணப்பம் பெரும்பாலும் கோடையில், கல்லூரிவாரியாக.

நேர்காணலில் "சமூகத்துக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும்" என்று பத்துப் பேர் சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள். நீங்கள் பார்த்த ஒரு குறிப்பிட்ட பிரச்சினையைச் சொல்லுங்கள். உங்கள் தெரு அங்கன்வாடியில் மதியத்துக்கு மேல் ஏன் குழந்தைகள் இருப்பதில்லை, உங்கள் ஊர் சுயஉதவிக் குழுவில் கடன் யாருக்குக் கிடைக்கிறது, யாருக்குக் கிடைப்பதில்லை என்று நீங்களே கவனித்ததைச் சொன்னால் எதிரில் இருப்பவர் நிமிர்ந்து உட்காருவார். ஆங்கிலம் தடுமாறினால் பயப்பட வேண்டாம். ஆனால் ஆங்கிலத்தில் எழுதக் கற்றுக்கொண்டே தீர வேண்டும், நன்கொடையாளருக்குப் போகும் திட்ட வரைவும் அறிக்கையும் பெரும்பாலும் அதில்தான்.

செலவைப் பற்றி: அசிம் பிரேம்ஜி பல்கலைக்கழகத்தில் குடும்ப வருமானத்தைப் பொறுத்துக் கல்விக் கட்டணத்தோடு விடுதி, சாப்பாடு வரை உதவி கிடைக்கும், அதனால் கட்டண அட்டவணையைப் பார்த்துவிட்டு விண்ணப்பிக்காமல் விடாதீர்கள். பட்டியலினத்தவர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்ட வகுப்பினருக்கு அரசின் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை உண்டு. சாதி, வருமானச் சான்றிதழ்களை முன்னாலேயே வாங்கி வையுங்கள். பெரிய கல்விக் கடன் எடுத்து இந்தத் துறைக்கு வருவதை நான் ஆதரிக்க மாட்டேன், ஆரம்பச் சம்பளத்தில் அந்தத் தவணையைக் கட்டுவது மிகக் கஷ்டம்.

ஆறாம் படி: சட்டத்தைப் படிக்கும்போது தூங்காதீர்கள்

வகுப்பில் எல்லோருக்கும் சலிப்பூட்டும் தாள் இதுதான், வேலையில் முதல் நாளே தேவைப்படும் தாளும் இதுதான். இந்தியாவில் ஒரு தொண்டு நிறுவனம் மூன்று வடிவங்களில் ஒன்றாக இருக்கும். அறக்கட்டளை: பத்திரம் எழுதி சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவது, சிலர் சேர்ந்தே ஆரம்பித்துவிடலாம், ஆனால் அறங்காவலர்களைக் கேள்வி கேட்க உள்ளே ஆள் இல்லை. சங்கம்: 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ், குறைந்தது ஏழு பேர், வருடாந்தரப் பொதுக்குழு, நிர்வாகக் குழுத் தேர்தல் என்று ஜனநாயகம் கட்டாயம். மூன்றாவது, 2013 கம்பெனிகள் சட்டத்தின் 8ஆம் பிரிவுக் கம்பெனி, கணக்கு ஒழுங்கு அதிகம், செலவும் அதிகம். மகாராஷ்டிராவில் பொது அறக்கட்டளைகளைக் கண்காணிக்க 1950ஆம் ஆண்டிலிருந்தே தனிச் சட்டமும் ஆணையரும் இருக்கிறார்கள், தமிழ்நாட்டில் அப்படியொரு பொதுச் சட்டம் இல்லை. மும்பையில் படித்துவிட்டு வருபவர்கள் இந்த வேறுபாட்டை மனதில் வைக்க வேண்டும்.

அடுத்தது வருமான வரி. (12ஏ, 80ஜி என்பவை 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிரிவு எண்கள்.) 12ஏ பதிவு இருந்தால்தான் அமைப்பின் வருமானத்துக்கு விலக்கு, அதற்கும் அந்த வருட வருமானத்தில் 85 சதவீதத்தை நோக்கத்துக்காகச் செலவழிக்க வேண்டும் என்பது அடிப்படை விதி. 80ஜி இருந்தால் நன்கொடை கொடுப்பவருக்குச் சலுகை, ஆனால் 2000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்தச் சலுகை கிடையாது. புதிய வரி முறையைத் தேர்ந்தெடுத்தவருக்கும் கிடையாது. "வரி மிச்சமாகும் சார்" என்று சொல்லி நன்கொடை கேட்டுப் பழகிய அமைப்புகளுக்கு இது பெரிய மாற்றம், இனிமேல் வேலையைக் காட்டித்தான் கேட்க வேண்டும். 2025ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் முதல் நடைமுறை, அதில் பிரிவு எண்கள் மாறுகின்றன. பழைய குறிப்புகளை மனப்பாடம் செய்யாதீர்கள்.

வெளிநாட்டுப் பணம் வாங்க 2010ஆம் ஆண்டின் எஃப்.சி.ஆர்.ஏ. சட்டத்தில் பதிவு வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு பணம் முதலில் டெல்லியில் எஸ்.பி.ஐ. முதன்மைக் கிளையில்தான் வர வேண்டும், நிர்வாகச் செலவு உச்சவரம்பு 50 சதவீதத்திலிருந்து 20 ஆனது, எல்லாவற்றையும்விட முக்கியமாக, வாங்கிய பணத்தை இன்னொரு அமைப்புக்குப் பிரித்துக் கொடுப்பது நின்றுபோனது. முன்பெல்லாம் பெரிய அமைப்பு ஒன்று வெளிநாட்டு நிதி வாங்கி, கிராமத்தில் இருக்கும் சின்னச் சின்ன சங்கங்களுக்குப் பகிர்ந்து கொடுக்கும். அந்தச் சங்கங்களுக்கு ஆங்கிலத்தில் திட்ட வரைவு எழுதவோ தனிப் பதிவு வாங்கவோ ஆள் இல்லை. அந்த ஓடை அடைபட்டதன் வலி இன்னும் ஊர்ப்பக்கம் தெரிகிறது.

அப்புறம் சி.எஸ்.ஆர்., அதாவது கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதி. கம்பெனிகள் சட்டத்தின் 135ஆம் பிரிவு: நிகரச் சொத்து மதிப்பு 500 கோடி, அல்லது விற்றுமுதல் 1000 கோடி, அல்லது நிகர லாபம் 5 கோடி, இவற்றில் ஒன்றைத் தொட்ட கம்பெனி, முந்தைய மூன்று வருடச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். அந்தப் பணத்தை வாங்க உங்கள் அமைப்புக்கு சி.எஸ்.ஆர்.-1 பதிவு வேண்டும். இதற்கான விதிகளில் கம்பெனியின் நிர்வாகச் செலவுக்கு 5 சதவீத வரம்பு இருக்கிறது. அது கம்பெனிக்கான வரம்பு. அதையே காட்டி உங்கள் கணக்காளர் சம்பளத்தைக் குறைக்கச் சொன்னால் விதியை எடுத்துக் காட்டி மரியாதையாக விளக்குங்கள்.

ஏழாம் படி: பட்ஜெட் போடக் கற்றுக்கொள்ளுங்கள், உண்மையான பட்ஜெட்

ஒரு கணக்கைப் பார்ப்போம். பத்து மாலைநேரப் பாட மையங்கள் நடத்த வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். புதிதாக எழுதுபவர் இப்படிப் போடுவார்: மையத்துக்கு ஒரு ஆசிரியர், மாதம் 4,000 ரூபாய் மதிப்பூதியம், பத்து பேருக்கு 12 மாதம் 4,80,000. நோட்டு, சார்ட், விளையாட்டுப் பொருள் 60,000. மொத்தம் 5,40,000. நன்கொடையாளருக்குச் சந்தோஷம், குறைந்த செலவில் பத்து மையம்.

ஆனால் மையங்களைப் போய்ப் பார்க்க ஒரு ஒருங்கிணைப்பாளர் வேண்டாமா? மாதம் 18,000 என்றால் வருடம் 2,16,000. அவர் பெட்ரோலுக்கு மாதம் 3,000, அதாவது 36,000. மாதம் 16,000 வாங்கும் கணக்காளரின் நேரத்தில் கால் பங்கு இந்தத் திட்டத்துக்குப் போகிறது, அது 48,000. ஆடிட், அலுவலக வாடகை, போன், கரண்ட் பங்கு 40,000. இப்போது கூட்டுங்கள்: 8,80,000. வித்தியாசம் 3,40,000. முதல் பட்ஜெட்டோடு ஒப்பந்தம் போட்டுவிட்டால் இந்தப் பணம் எங்கிருந்து வரும்? ஊழியர் சம்பளம் தள்ளிப்போகும், ஒருங்கிணைப்பாளர் இரண்டு பேர் வேலையைப் பார்ப்பார், மூன்றாம் மாதம் மையங்களை யாரும் பார்க்க மாட்டார்கள். அலுவலகத்துக்கும் கணக்காளருக்கும் போகும் 88,000 மொத்தத்தில் 10 சதவீதம்தான். இதை மறைத்துப் போடுவதைவிட வெளிப்படையாகப் போட்டு, இந்தச் செலவு இருந்தால்தான் மையம் ஒழுங்காக நடக்கும் என்று விளக்குவதே நேர்மை.

பட்ஜெட் சரியாக இருந்தாலும் பணம் வரும் நேரம் சரியாக இருக்காது. முதல் தவணை வரும், அதைச் செலவழித்துப் பயன்பாட்டுச் சான்றிதழ் கொடுத்தால்தான் அடுத்தது. நிதியாண்டு முடியும் மார்ச்சில் கம்பெனிகள் அவசரப்படுத்தும், ஜூனில் போனை எடுக்க மாட்டார்கள். ஆசிரியருக்கோ மாதாமாதம் சம்பளம் வேண்டும். எனவே எந்த மாதம் எவ்வளவு வரும், எவ்வளவு போகும் என்று மாதவாரியான பணவரத்துத் தாள் போடப் பழகுங்கள். கல்லூரியில் யாரும் கேட்காவிட்டாலும் களப்பணி செய்யும் அமைப்பின் அனுமதியோடு ஒரு திட்டத்துக்காவது போட்டுப் பாருங்கள்.

ஒரு திட்டத்துக்கென்று வந்த பணத்தை இன்னொன்றுக்கு எடுக்கக் கூடாது என்பதையும் இந்த இடத்திலேயே மனதில் ஆழமாகப் பதித்துக்கொள்ளுங்கள். "அடுத்த வாரம் வந்ததும் போட்டுவிடலாம்" என்று நல்ல எண்ணத்தில்தான் ஆரம்பிக்கும்.

எட்டாம் படி: களப்பணியை முழுசாக வாங்கிக்கொள்ளுங்கள்

எம்.எஸ்.டபிள்யூ.வில் வாரம் இரண்டு நாள் களப்பணி, கிராம முகாம், கடைசியில் ஒரு மாதத் தொடர் பயிற்சி என்பது வழக்கமான ஏற்பாடு. சில மாணவர்கள் கையெழுத்துக்காகப் போய்விட்டு வருவார்கள். இரண்டு வருடத்தில் நீங்கள் கற்கப் போவதில் பெரிய பங்கு இந்த நாட்களில்தான் இருக்கிறது, தயவுசெய்து வீணாக்காதீர்கள்.

ஒரே மாதிரி அமைப்புக்கே எல்லாப் பருவமும் போகாதீர்கள். ஒரு பருவம் சின்ன கிராமச் சங்கம், ஒரு பருவம் பெரிய அமைப்பு, முடிந்தால் ஒரு பருவம் அரசு அலுவலகம். மகளிர் திட்ட அலுவலகம் நல்ல இடம். 1989இல் தருமபுரியில் தொடங்கிய மகளிர் மேம்பாட்டுத் திட்டத்தில் சுயஉதவிக் குழுக்களைக் கட்டியபோது அரசும் தொண்டு நிறுவனங்களும் சேர்ந்து வேலை செய்த விதம், பிறகு மாநிலம் முழுவதும் பரவியது. அரசாங்கம் எப்படி யோசிக்கிறது என்று தெரியாத தொண்டு நிறுவனத் தலைவர் பாதி வழியில் நின்றுவிடுவார்.

ஊருக்குள் போனால் முதலில் கேளுங்கள். கோலப்பொடி வைத்துத் தரையில் ஊர் வரைபடம் போடச் சொல்லும் பங்கேற்பு மதிப்பீட்டு முறையை வகுப்பில் சொல்லித் தருவார்கள். அதை நடத்தும்போது யார் கையில் பொடி இருக்கிறது, யார் தள்ளி நிற்கிறார்கள், காலனி வீடுகளை யாராவது வரைகிறார்களா என்று பாருங்கள். வரைபடத்தில் விடுபட்ட வீடுகளுக்குத்தான் நீங்கள் அடுத்த நாள் போக வேண்டும்.

இன்னொன்று, எண்ணிக்கையை எழுதுவதோடு நிற்காதீர்கள். "500 பேருக்குப் பயிற்சி அளித்தோம்" என்று அறிக்கையில் வரும். பயிற்சிக்குப் பிறகு எத்தனை பேர் தையல் மெஷினைத் தொட்டார்கள், எத்தனை பேருக்கு வருமானம் கூடியது, ஏன் மற்றவர்களுக்குக் கூடவில்லை என்பதுதான் பயனுள்ள கேள்வி. இதற்கு விடை தேட வேண்டுமென்றால் ஆரம்பத்திலேயே நிலவரத்தைப் பதிவு செய்திருக்க வேண்டும். பேஸ்லைன் இல்லாமல் முடிவில் எதையும் நிரூபிக்க முடியாது.

ஒன்பதாம் படி: தலைமை என்றால் என்ன என்று நல்ல உதாரணங்களிலிருந்து படியுங்கள்

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையை ஒவ்வொரு மாணவரும் ஊன்றிப் படிக்க வேண்டும். டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி அரசுப் பணியில் ஓய்வு பெற்ற பிறகு 1976இல் 11 படுக்கைகளோடு ஆரம்பித்தார். பணம் கட்டுபவர்களின் வருமானத்தில் கட்ட முடியாதவர்களுக்கும் சிகிச்சை, முகாம் வைத்து நோயாளியைத் தேடிப் போவது, கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் விலை அதிகம் என்று 1992இல் ஆரோலேப் தொடங்கித் தாங்களே தயாரிப்பது என்று ஒவ்வொரு தடையாக உடைத்தார்கள். எனக்கு அதில் மிகப் பெரிதாகப் படுவது வேறு. 2006இல் அவர் மறைந்த பிறகும் அந்த நிறுவனம் நிற்கிறது, வளர்கிறது. அவர் இருக்கும்போதே அடுத்த வரிசையை உருவாக்கியதாலும், வேலையை ஆளை நம்பி வைக்காமல் முறையை நம்பி வைத்ததாலும்தான் அது முடிந்தது.

நம் அமைப்புகள் பலவற்றில் காசோலை முதல் களப்பயணம் வரை எல்லாம் ஒரே ஒரு செயலாளர் கையில் இருக்கும். நிர்வாகக் குழுவில் சொந்தக்காரர்கள் இருப்பார்கள், கூட்டம் நடக்காமலே தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்து ஆகும். நீங்கள் படித்துவிட்டுப் போய் ஒரு நாளில் இதை மாற்ற முடியாது. ஆனால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை உண்மையான கூட்டம், அதில் வரவு செலவு வாசிப்பு, வெளியாள் ஒருவராவது குழுவில் என்று சின்னச் சின்னதாகத் தொடங்கலாம். பத்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்க உள்புகார்க் குழு கட்டாயம், 2013ஆம் ஆண்டின் சட்டம் தொண்டு நிறுவனத்துக்கும் பொருந்தும். பெண்களுக்காக வேலை செய்யும் அமைப்பில்கூட இந்தக் குழு இல்லாமல் இருப்பது வருத்தமான விஷயம்.

வெளிநாடு போக வேண்டுமா?

சுருக்கமாகச் சொல்கிறேன். அமெரிக்காவில் இந்தியானா பல்கலைக்கழகத்தில் கொடைப்பணி ஆய்வுக்கென்றே லில்லி குடும்பப் பெயரில் ஒரு பள்ளி இருக்கிறது. லண்டனில் பேயெஸ் பிசினஸ் ஸ்கூல், அறநிறுவனக் கணக்கியலை முதுகலை அளவில் கற்பித்திருக்கிறது. உதவித்தொகைக்கு, பிரிட்டனுக்கு செவனிங் இருக்கிறது: சுமார் இரண்டு வருட வேலை அனுபவம் வேண்டும், முடித்ததும் இரண்டு வருடம் நாடு திரும்பி இருக்க வேண்டும். அமெரிக்காவுக்கு ஃபுல்பிரைட்-நேரு, மூன்று வருட முழுநேர வேலை அனுபவம் கேட்பார்கள். எனவே இளங்கலை முடித்ததும் போவது எப்படியும் சிரமம், முதலில் இங்கே வேலை. அங்கே கற்கும் சட்டமும் நன்கொடைப் பழக்கமும் அந்த நாட்டுடையவை, திரும்பி வந்தால் ஆறாம் படியில் சொன்ன எல்லாவற்றையும் தனியாகப் படித்தாக வேண்டும்.

கடைசிப் படி: முதல் வேலை

பெரிய பெயரைப் பார்த்துச் சேர்வதைவிட, உங்களுக்கு யார் மேலாளர் என்று பார்த்துச் சேருங்கள். சேரும் முன் கடந்த இரண்டு வருட ஆடிட் அறிக்கையும் ஆண்டறிக்கையும் கேளுங்கள். ஒளிவுமறைவு இல்லாத அமைப்பு சந்தோஷமாகக் கொடுக்கும், பலர் இணையத்திலேயே போட்டிருப்பார்கள். ஒரே நன்கொடையாளரிடமிருந்து முக்கால்வாசிப் பணம் வருகிறதா என்று பாருங்கள், அந்த ஒருவர் விலகினால் உங்கள் வேலையும் போய்விடும். கையில் நியமனக் கடிதம் வாங்குங்கள். பி.எஃப். உண்டா, விடுப்பு எத்தனை நாள், களப்பயணச் செலவை எத்தனை நாளில் திருப்பித் தருவார்கள், திட்டம் முடிந்தால் வேலை என்னவாகும் என்று கேளுங்கள். சேவைக்கு வந்துவிட்டு இதையெல்லாம் கேட்பதா என்று கூச்சப்படாதீர்கள். வீட்டு வாடகை கட்ட முடியாமல் இரண்டாம் வருடமே திறமையானவர்கள் துறையை விட்டுப் போவதைத் தொடர்ந்து பார்க்கிறோம். நாளைக்கு நீங்களே ஒரு அமைப்பின் பட்ஜெட் எழுதும் இடத்துக்கு வருவீர்கள், அன்று சம்பளத்துக்கான தொகையை ஒருங்கிணைப்பாளரும் ஆசிரியரும் குடும்பம் நடத்தக்கூடிய அளவில் எழுதுங்கள்.